லைனை மாற்றுவதா, பெட்டியை மாற்றுவதா? கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

ஐப்பசியில் நாலு மழை விழுந்ததும் மஞ்சக்குப்பத்தில் என் வேலைமேசைக்கு ஒரே கேள்வி மூன்று உருவத்தில் வரும். "டெலிபோன் லைன் நெட்டு விட்டு விட்டு வருது சார், ஃபைபர் போட்டுடலாமா?" "கம்ப்யூட்டர் வாங்கி பதினஞ்சு வருஷம் ஆச்சு, அதனாலதான் நெட்டு நிக்க மாட்டேங்குதா?" "செல்போன் ஹாட்ஸ்பாட்டே போதும்னு பேரன் சொல்றான், போதுமா?" கேட்பவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். மீதிப் பேர் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுபவர்கள், கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுப்பவர்கள். மாதம் ஐந்நூறு ரூபாய் கூடுவது இவர்களுக்குச் சின்ன விஷயமில்லை.

இந்தக் கேள்விக்குள் இரண்டு முடிவுகள் பின்னிக் கிடக்கின்றன. வீட்டுக்குள் நெட் எந்த வழியாக வருவது என்பது ஒன்று. வந்த நெட்டை எந்தப் பெட்டியில் பார்ப்பது என்பது இன்னொன்று. லைன் கெட்டிருக்கும்போது கம்ப்யூட்டரை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் கோளாறை வைத்துக்கொண்டு ஃபைபர் போட்டு, அதே பிழைச் செய்தியைத் திரும்பப் பார்த்து நொந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தால் பாதிச் செலவு மிச்சம்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் வேகத்தில் ஆரம்பிப்பார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். மெயில் பார்க்க, கரண்ட் பில் கட்ட, யூடியூபில் கச்சேரி கேட்க, நிலையாக வரும் 4 எம்பிபிஎஸ் போதும். 100 எம்பிபிஎஸ் வந்து பத்து நிமிடத்துக்கு ஒருதரம் அறுந்தால் யாருக்கும் பயனில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, கோளாறு கம்பியிலா, மோடத்திலா, கம்ப்யூட்டரிலா என்பது. அடுத்தது நம் கரைக்கே உரியது: உப்புக்காற்று, வடகிழக்குப் பருவமழை, புயல், அதோடு வரும் கரண்ட் கட். மூன்றாவது, ஒரு வருடத்துக்கு மொத்தமாக என்ன ஆகும் என்ற கணக்கு. மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். நாலாவது, உங்களால் விட முடியாதது எது? உறவு முழுக்கத் தெரிந்த 04142 நம்பரா, 0413 நம்பரா, ஜாதகம் கணிக்கும் பழைய மென்பொருளா, பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பத்திரிகைகளா? கடைசியாக, ராத்திரி எட்டு மணிக்கு நெட் நின்றால் யார் வந்து பார்ப்பார்?

## காசு எடுக்கும் முன் அரைமணி நேரம்

லேண்ட்லைன் ரிசீவரைக் காதில் வைத்து ஒரே ஒரு எண்ணை அழுத்துங்கள். டயல்டோன் நின்று அமைதியாகும். அந்த அமைதிக்குள் கொரகொரவென்றோ உஸ்ஸென்றோ சத்தம் கேட்டால் கோளாறு கம்பியில்தான். பேச்சு போவது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை. டெலிபோன் கம்பி வழியாக வரும் நெட்டான டிஎஸ்எல் அதே கம்பியில் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போகிறது. காதுக்கே கேட்கும் அளவுக்குக் கம்பி கெட்டிருக்கும்போது மேலே போகும் நெட் தப்பாது.

அடுத்து மோடத்தின் விளக்குகள். டிஎஸ்எல் என்ற விளக்கு அசையாமல் எரிந்தால் எக்ஸ்சேஞ்சோடு பேச்சு நடக்கிறது என்று அர்த்தம். அது மின்னிக்கொண்டே இருந்தால் மோடம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. டிஎஸ்எல் நிலையாக எரிந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியாவிட்டால் பெரும்பாலும் யூசர்நேம், பாஸ்வேர்டு, அல்லது மோடத்தின் அமைப்பு. பிஎஸ்என்எல் டிஎஸ்எல்லுக்கு மோடத்தின் அமைப்பில் விபிஐ 0, விசிஐ 35 என்று இரண்டு எண்கள் இருக்க வேண்டும். இடி மின்னலில் மோடம் ரீசெட் ஆனால் இது மாறிப்போவதுண்டு.

உலாவியில் 192.168.1.1 என்று அடித்து மோடத்தின் பக்கத்துக்குள் போனால் இரண்டு எண்கள் கிடைக்கும். எஸ்என்ஆர் மார்ஜின், அதாவது இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்ற அளவு, 6 டெசிபலுக்குக் கீழே இருந்தால் லைன் அடிக்கடி அறும். 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி. வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்று காட்டும் அட்டெனுவேஷன் 60-ஐ நெருங்கினால் உங்கள் வீடு எக்ஸ்சேஞ்சிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிறது, அல்லது நடுவே ஜாயிண்டுகள் கெட்டிருக்கின்றன. இந்த இரண்டையும் வெயில் நாளில் ஒருதரம், மழை நாளில் ஒருதரம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். லைன்மேனிடம் "நெட்டு வரல" என்று சொல்வதைவிட "காய்ஞ்ச நாள்ல 14, மழையில 5" என்று காட்டினால் அவருக்கு வேலை எளிது.

பிறகு, வெளியிலிருந்து கம்பி முதலில் வந்து சேரும் ரோசெட் பெட்டியிலேயே மோடத்தை நேராகச் செருகிப் பாருங்கள். அங்கே நன்றாக வந்து, உள்ளறையில் வராவிட்டால் வீட்டுக்குள் ஓடும் ஒயர்தான் குற்றவாளி. போன் மணி அடிக்கும்போதெல்லாம் நெட் அறுந்தால் பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரைச் சந்தேகியுங்கள். ஹாலில் ஒன்று, மாடியில் ஒன்று என்று இரண்டு போன் இருந்தால் இரண்டும் ஃபில்டர் வழியாகத்தான் போக வேண்டும். மாடி போனை மட்டும் நேராகச் செருகி வைத்துவிட்டு வருடக்கணக்கில் மோடத்தைத் திட்டிக்கொண்டிருந்த வீடுகள் உண்டு. மோடம் தானாகவே அணைந்து எழுந்தால் அதன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். ஐந்தாறு கோடை கண்ட அடாப்டர் சொன்ன வோல்டேஜைத் தராது.

இத்தனையும் சரியாக இருக்கிறதா? அதே மோடத்தில் ஒரு செல்போனை வைஃபையில் இணைத்துப் பாருங்கள். பழைய மோடத்தில் வைஃபை இல்லையென்றால் யாருடைய லேப்டாப்பையாவது லேன் ஒயரில் செருகுங்கள். அதில் நெட் ஓடினால் லைனுக்கு நல்ல சான்றிதழ் கிடைத்துவிட்டது, இனி கோளாறு உங்கள் பெட்டியில். கம்ப்யூட்டரில் நெட்டை இணைக்கும் டயலரில் 691 என்ற பிழை எண் வந்தால் பாஸ்வேர்டு தவறு. விண்டோஸ் எக்ஸ்பியில் 678, விண்டோஸ் 7-ல் 651 வந்தால் கம்ப்யூட்டர் கூப்பிடுவதற்கு எதிர்முனையில் பதில் இல்லை: லேன் ஒயர், லேன் கார்டு, அல்லது மோடம். மோடத்தையே டயல் செய்ய வைத்த பிறகும் பழக்கத்தில் டெஸ்க்டாப்பிலுள்ள டயலர் ஐகானை அழுத்துகிறவர்களுக்கும் இதே எண் வரும். அந்த ஐகானை நீக்கிவிட்டால் தீர்ந்தது. ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் மோடம் முகவரியே கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள்: கீழே மூலையில் உள்ள தேதி. முத்தியால்பேட்டையில் ஒரு அம்மா இரண்டு மோடம் மாற்றியிருந்தார். எந்தப் பக்கம் திறந்தாலும் "பாதுகாப்பற்றது" என்று வந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் தேதி 2002 என்று நின்றது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் காலம் பின்னே போய்விட்டது. இணையதளச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2002-ல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவில்லை. ஐம்பது ரூபாய்க்குள் முடிந்த வேலை அது. அவர் இரண்டு மோடத்துக்குக் கொடுத்த காசை நினைத்து எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

## வழி ஒன்று: செம்புக் கம்பியையே சீர்செய்வது

எக்ஸ்சேஞ்ச் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருந்து, எஸ்என்ஆர் மழையிலும் தாக்குப்பிடித்தால் இதையே வைத்துக்கொள்ளலாம். டிஎஸ்எல்லில் ஒரு வகையான ஏடிஎஸ்எல்2+ ஏட்டளவில் 24 எம்பிபிஎஸ். நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் ஒன்றிரண்டு எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதை எந்தப் புது மோடமும் மாற்ற முடியாது.

செம்பின் எதிரி நம் காற்று. தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ ஒரு ஜாயிண்டைப் பிரித்துப் பாருங்கள், பச்சை பூத்திருக்கும். கையால் முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்டில் உப்பும் ஈரமும் நுழைந்து, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே தடை கூடுகிறது. வெயிலில் காய்ந்தால் வேலை செய்யும், மழை பெய்தால் நிற்கும். "மழை நின்னதும் தானா வந்துடுது சார்" என்று சொல்வார்கள். தானாக வந்தது நல்ல செய்தியில்லை, ஜாயிண்ட் அழுகிக்கொண்டிருப்பதன் அறிகுறி. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் வீட்டுக் கம்பி முருங்கை மரத்தோடு விழுந்தது. திரும்பக் கட்டியபோது நடுவில் நாலு ஜாயிண்ட். அதற்குப் பிறகு ஒவ்வொரு கார்த்திகையும் ஏதாவது ஒன்று திறந்துகொண்டது. வீடுகளுக்குக் கம்பி பிரியும் தெருமுனை டிபி பெட்டியிலிருந்து வீடு வரை நடுவே ஜாயிண்டே இல்லாமல் புது ட்ராப் ஒயர் இழுத்த பிறகுதான் லைன் அடங்கியது. லைன்மேனிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: ஒட்டுப்போடாத ஒரே ஒயர், முனையில் ஜெல் அடைத்த கனெக்டர்.

செம்புக்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு. எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் அந்தக் கம்பியிலேயே வருவதால், கம்பி அறாமல் இருந்தால், வீட்டில் கரண்ட் இல்லாதபோதும் சாதாரண லேண்ட்லைன் போன் பேசும். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இது லேசான விஷயமில்லை. ஆனால் நெட்டுக்கு இந்தச் சலுகை இல்லை, மோடத்துக்குக் கரண்ட் வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு காலம்தான். நெட் இல்லாத நாட்களுக்கு நாம் கணக்கே எழுதுவதில்லை. இடி மின்னல் நாளில் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு டெலிபோன் ஒயரை விட்டுவிட்டால் மோடமும், அதோடு லேன் கார்டும் போகும். இரண்டையும் கழற்ற வேண்டும்.

## வழி இரண்டு: ஃபைபர்

கண்ணாடி இழை துருப்பிடிக்காது. அதில் ஓடுவது ஒளி என்பதால் இடியும் அதன் வழியாக வீட்டுக்குள் வராது. எக்ஸ்சேஞ்ச் தூரம் என்ற பிரச்சினையும் இங்கே இல்லை, 20 கிலோமீட்டர் வரை வேகம் குறையாமல் போகும் தொழில்நுட்பம் இது. கடலை ஒட்டிய தெருவில் ஃபைபர் வந்துவிட்டதென்றால் என் ஓட்டு அதற்குத்தான், தயக்கமே இல்லை.

ஆனாலும் சில செலவுகள் முதல் நாளில் கண்ணுக்குத் தெரியாது. விளம்பரத்தில் 499 என்றால் 18% ஜிஎஸ்டி சேர்ந்து கையிலிருந்து போவது 589. வீட்டில் வைக்கும் பெட்டிக்கு டெபாசிட்டா, வாடகையா, திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். கரண்ட் போனால் நெட்டோடு லேண்ட்லைனும் செத்துப்போகும். வீட்டில் இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்று கட்டாயம். புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் வராத ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சின்ன யுபிஎஸ் தாங்குவது சில மணி நேரம்தான்.

தலைக்கு மேலே போகும் ஃபைபரும் மரம் விழுந்தால் அறும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறிய பிறகு இதைப் பார்த்தோம். செம்பைப் போலக் கையால் முறுக்கி ஒட்ட முடியாது, அதற்கென்று மெஷின் வேண்டும், அது தெரிந்த ஆள் வேண்டும். பெட்டியில் லாஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம்; நீங்கள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: சுவரோரம் ஒயர் எங்காவது கூர்மையாக மடிந்திருக்கிறதா, மேசைக்காலில் நசுங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். அதனால் பிளானைப் பார்க்கும் முன் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: போன புயலில் உங்களுக்கு எத்தனை நாளில் சரிசெய்தார்கள்?

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பழைய லேன் கார்டு பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ் வரைதான்; 300 எம்பிபிஎஸ் பிளான் அந்தப் பெட்டிக்குத் தண்டம். ஃபைபர் பெட்டியைக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைக்கச் சொல்லி லேன் ஒயரில் செருகுங்கள். புதுச்சேரியின் பழைய வீதிகளில் சுண்ணாம்புக் காரையும் செங்கலுமாக எழுப்பிய தடித்த சுவர் இரண்டைத் தாண்டினாலே வைஃபை மெலிந்துவிடும். எக்ஸ்பிக்குப் புது வைஃபை டாங்கிள் வாங்கலாம் என்றால் டிரைவர் கிடைப்பதே கஷ்டம்.

பழைய நம்பரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: பிஎஸ்என்எல் லேண்ட்லைனை அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு மாற்றும்போது அந்த நம்பரையே தொடர வழி இருக்கிறது. வேறு நிறுவனத்துக்குப் போவதாக இருந்தால் நம்பர் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

## வழி மூன்று: செல்போன் நெட்

மாதத்தில் நாலைந்து நாள், நாளைக்கு ஒரு மணி நேரம் என்றால் இது போதும், தனி பில்லும் இல்லை. விண்டோஸ் 7 பெட்டியில் போனை யுஎஸ்பி ஒயரில் செருகி போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குப் பகிரும் டெதரிங்கைப் போட்டால் தனி டிரைவர் இல்லாமலே பெரும்பாலும் வேலை செய்யும். எக்ஸ்பியில் டிரைவர் தேட வேண்டும்.

ஆனால் வீட்டுக்காரர் கடைக்குப் போனால் நெட்டும் கூடவே போய்விடும். ஒரு நாளைய டேட்டாவைக் கம்ப்யூட்டரின் ஒரே அப்டேட் விழுங்கிவிடும். புயல் நேரத்தில் டவரின் பேட்டரியும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இதை முதல் வழியாக நான் யாருக்கும் சொல்வதில்லை, உதிரி வழியாக எல்லோருக்கும் சொல்கிறேன்.

## பெட்டிக்கு வருவோம்

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. குரோம் எக்ஸ்பியில் 49-ஆம் பதிப்போடும், விண்டோஸ் 7-ல் 109-ஆம் பதிப்போடும் நின்றது. எக்ஸ்பியில் வரும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-க்கு இன்றைய தளங்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு மொழி பேசத் தெரியாது. ஆகவே லைன் எத்தனை சுத்தமாக இருந்தாலும் அந்தப் பெட்டியில் பாதித் தளங்கள் திறக்காது. இது ஃபைபரால் தீராத நோய்.

எக்ஸ்பி பெட்டியில் ஜாதக மென்பொருளோ பத்திரிகை வேலையோ ஓடுகிறது என்றால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அந்த வேலைக்கு மட்டும் வையுங்கள். ஃபைல்களை இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். பென்டிரைவில் ஃபைல் கொண்டுபோய் வேறு கருவியிலிருந்து அனுப்பலாம். பாங்கு வேலையை மட்டும் அதில் செய்யாதீர்கள், ஒருநாள்கூட.

கோர் 2 டூவோ, அதற்குப் பிந்தைய பிராசஸரோ இருந்து 4 ஜிபி ராம் இருந்தால் அந்தப் பெட்டிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கை அதைவிட வேகமான எஸ்எஸ்டியாக மாற்றி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டால் புதிய உலாவியும் பாதுகாப்பு அப்டேட்டும் கிடைக்கும். லினக்ஸுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. மறைசெலவு பழக்கம் மாறுவது: பழைய பிரிண்டர் வேலை செய்யுமா, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை அது ஏற்குமா என்று எஸ்எஸ்டி வாங்கும் முன் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்துவிடலாம். ஜிஎஸ்டி, வருமானவரி என்று கணக்கு வேலை செய்பவர்கள் இந்த வழியில் போகாமல், விண்டோஸ் 11 தாங்கும் லேப்டாப் ஒன்றை வாங்குவதே மேல்.

## பக்கத்தில் வைத்துப் பார்க்க

| வழி | மழை, புயலில் | கரண்ட் போனால் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| செம்பு டிஎஸ்எல் | ஜாயிண்டில் ஈரம் இறங்கும். கம்பி வழி இடி | போன் பேசும், நெட் நிற்கும் | நெட் இல்லாத நாட்கள், மோடம் | எக்ஸ்சேஞ்சுக்கு அருகில், லேண்ட்லைனை நம்பியிருப்பவர் |
| ஃபைபர் | மரம் விழுந்தால் அறும். துரு இல்லை | யுபிஎஸ் இல்லையேல் இரண்டும் நிற்கும் | ஜிஎஸ்டி, டெபாசிட், யுபிஎஸ் | கடலோரத் தெரு, தினமும் நெட் வேண்டுபவர் |
| செல்போன் நெட் | டவரைப் பொறுத்தது | போன் பேட்டரி உள்ளவரை | டேட்டா வரம்பு | எப்போதாவது பார்ப்பவர், உதிரிக்கு |

## கேட்டவர்களுக்கு நான் சொன்னது

புதுப்பாளையத்தில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு எஸ்என்ஆர் 13 இருந்தது. மழையிலும் 11-க்குக் கீழே இறங்கவில்லை. அவருடைய தொல்லை முழுக்க எக்ஸ்பியால் வந்தது. லைனைத் தொடவே வேண்டாம் என்றேன். பெட்டியில் எஸ்எஸ்டியும் லினக்ஸும் போட்டோம். ராத்திரியில் கரண்ட் போனாலும் மகளோடு பேச லேண்ட்லைன் இருக்கிறது.

அரியாங்குப்பத்தில் வீட்டிலிருந்து கணக்கு எழுதும் பெண்ணுக்கு நேர்மாறாகச் சொன்னேன். மழையில் எஸ்என்ஆர் 4. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளில் லைன் நின்றால் அவருக்கு அபராதம். ஃபைபர், சின்ன யுபிஎஸ், அவசரத்துக்கு வேறு நிறுவன சிம் போட்ட செல்போன் என்று மூன்றையும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவருடைய விண்டோஸ் 7 பெட்டி இப்போது நெட் இல்லாமல் பழைய வருடக் கணக்குகளை மட்டும் வைத்திருக்கிறது.

ஃபைபர் இன்னும் எட்டாத, எக்ஸ்சேஞ்சும் நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கிராமத்து வீடுகளுக்குத்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. அவர்களுக்கு சிம் போடும் ரவுட்டர் ஒன்றை ஜன்னலோரம் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். வாங்கும் முன் இரண்டு மூன்று நிறுவன சிம்மை அதே ஜன்னலில், சாயங்காலம் ஏழு மணிக்குப் போனில் சோதித்துவிட வேண்டும். காலை நேர வேகத்தை நம்பக்கூடாது.

ஃபைபருக்கு மாறுகிறவர்கள் அது வந்த அன்றே செம்பு லைனை சரண்டர் செய்ய வேண்டாம். வேறு நிறுவனத்துக்குப் போவதாக இருந்தால் ஒரு மாதமாவது, முடிந்தால் ஒரு நல்ல மழையாவது இரண்டும் இருக்கட்டும். பிறகு சரண்டர் கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கி, டெபாசிட் திரும்பி வரும்வரை அதைப் பத்திரமாக வையுங்கள். வாடகை மோடமாக இருந்தால் அடாப்டரோடு திருப்பிக் கொடுத்து அதற்கும் ரசீது கேளுங்கள்.